தாலி பலம்

படைக்குச் சென்ற கணவனைக் காப்பது எது? படைத்தலைவரைக் கேட்டால் பயிற்சி என்பார், தளவாடம் என்பார், பக்கத்தில் நிற்கும் தோழனின் விழிப்பு என்பார். புதுச்சேரிக் கதிர்காமத்தில், நம் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஒரே விடைதான் கிடைக்கும்: "எல்லாம் பெண்டாட்டியின் தாலி பலம்!"

காதுக்கு இனிய விடை. பெண்ணினத்துக்குச் சூட்டிய மகுடம் என்றுகூடச் சிலர் மகிழ்வர். 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ந்து வரும் தோட்டாவை இங்கே ஒரு மஞ்சள் கயிறு தடுத்து நிறுத்துகிறதாம்! அப்படியொரு கயிறு உண்டென்றால் நாட்டுக்கு எவ்வளவு செலவு மிச்சம்! கவசம் தைக்க வேண்டா. பதுங்குகுழி தோண்ட வேண்டா. மணமாகாத இளைஞரைப் படையில் சேர்க்காதிருந்தாலே போதும். அரசோ இதற்கு நேர்மாறாக நடக்கிறது. 2022-இல் வந்த அக்னிவீரர் திட்டத்தில் சேர மணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதே விதி. தாலியின் ஆற்றலைத் தலைநகர் இன்னும் அறியவில்லை போலும்!

சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அந்த மகுடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே முள் இருக்கிறது. தாலிக்குப் பலம் இருந்தால் கணவன் வருவான். அவன் வராவிட்டால்? பலம் இல்லை என்று பொருள். சுட்டவன் மீது பழி இல்லை. போரை மூட்டியவன் மீது பழி இல்லை. அடுப்படியில் அரிசி களைந்து கொண்டிருந்தவள் மீது பழி! ஓர் ஆடவனின் உயிரை அவன் மனைவியின் பேரில் கடனாக எழுதிவைத்து, அந்தக் கடன்சீட்டுக்குப் பக்தி என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

கடன்சீட்டில் பெயருள்ளவர்களில் நாமும் ஒருவர். கல்லூரியில் தமிழ் பயின்று, பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். வாழ்க்கைத் துணைவர் தரைப்படையில், காஷ்மீர் எல்லைப்புறத்தில் பணியில் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுதினால் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் எழுதி, "56 ஏ.பி.ஓ." என்று முடிக்க வேண்டும். கிழக்கே இருப்பவர்க்கு 99; மற்றவர்க்கு 56. அந்த முகவரியில் ஊர் கிடையாது, மாவட்டம் கிடையாது. அவர் பனிமலையில் இருக்கிறாரா, ஆற்றங்கரையில் இருக்கிறாரா என்று அஞ்சல்காரரும் அறியார், நாமும் அறியோம். ஜோதிடர் மட்டும் அறிவார்!

துணைவரின் தாயார், நம் அத்தை, கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பிள்ளை இரயிலேறிய அன்று வீடு கழுவக் கூடாது, தலை முழுகக் கூடாது. அவை சாவு வீட்டுச் செயல்களாம். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு. திங்களில் ஒரு பொழுது. "போனான்" என்று சொல்லாதே, "போயிருக்கிறான்" என்று சொல். வாசலில் நின்று உரக்கச் சிரிக்காதே. பார்ப்பவர் என்ன நினைப்பார்கள்? மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து மாடத்தில் வைக்கப்பட்டது. முருகன் படத்துக்குத் தனிப் பூ. ஊரின் பெயரே கதிர்காமம். கடல் கடந்த ஈழத்திலும் அதே பெயரில் முருகனுக்கு ஊர் உண்டு. தேவர்களின் படைத்தலைவன் அல்லவா? படைவீரன் மனைவிக்கு அவனே மேலதிகாரி என்பது அத்தையின் முடிவு. தேவர் படைக்கு விடுப்பு உண்டா, ஓய்வூதியம் உண்டா என்று கேட்டோம். "உன் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்மா" என்றார்; சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்து வந்தது ஏழரைச் சனி. திருநள்ளாறு நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்ததுதான், காரைக்காலுக்குப் பக்கம். நளனைப் பிடித்த சனி அங்கே விட்டதாம். நம் துணைவரைப் பிடித்ததும் அங்கேதான் விட வேண்டும் என்று ஜாதகக்காரர் எழுதிக் கொடுத்தார். வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் அத்தைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். சனிக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. அதனால் ஜாதகக்காரர் ராசிக்கு இரண்டரை ஆண்டு என வகுக்கிறார். பிறந்த ராசி, அதற்கு முன்னது, பின்னது ஆகிய மூன்றிலும் சனி தங்கும் காலம் ஏழரை. ஆகவே எந்த நாளில் எண்ணினாலும் 12 ராசிக்காரரில் 3 ராசிக்காரருக்கு ஏழரைச் சனி. ஊரில் கால் பங்கினர். படையில் கால் பங்கினர். எல்லைக்கு அப்பால் எதிரே நிற்கும் படையிலும் கால் பங்கினர்! இரு பக்கத்தையும் ஒருசேரப் பிடித்திருக்கும் சனி யாருக்குத் தோல்வி தருவார்?

அத்தை கணக்கைக் கவனமாகக் கேட்டார். பிறகு வேனுக்குப் பணம் கட்டினார். தடுக்கவில்லை நாம். குளத்தில் முழுகி, எள் விளக்கேற்றி, கறுப்புத் துணி சாத்தி, 2400 ரூபாய் செலவழித்து வந்தார். அந்தப் பணம் அவர் தையல் வேலையில் சேர்த்த பணம். ஜாதகக்காரர் வீட்டுப் பிள்ளைகள் யாரும் படையில் இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

புதுச்சேரிக்கு இந்தக் காத்திருப்பு புதிதன்று. இவ்வூர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த நாளில் இளைஞர் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தனர். சொல்தா என்பது அவர்களுக்கு ஊரார் வழங்கிய பெயர். பிரெஞ்சுக்காரர் சொல்லே நம் நாவில் அப்படி ஆயிற்று. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14-இல் அங்கே மலர் வளையம் வைக்கிறார்கள். அதன்பின் 1946 முதல் 1954 வரை இந்தோசீனப் போர். வியட்நாம் மக்கள் தம் விடுதலைக்குப் போரிட, அவர்களை அடக்கச் சென்ற படையில், தாமே அடிமை மண்ணில் பிறந்த நம்மவரும் இருந்தனர். வயிறு செய்த வேலை!

அப்படிப் போனவர்களில் ஒருவர் நம் பெரியபாட்டியின் கணவர். பாட்டியின் அக்காளைப் பெரியபாட்டி என்போம். 1951-இல், 17 வயதில் மணம். ஆறு மாதத்தில் கணவர் கப்பலேறினார். சைகோனிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். பெரியபாட்டிக்குப் படிப்பில்லை, தெருக்கோடியில் இருந்த குமாஸ்தா படித்துச் சொல்வார். கணவன் மனைவிக்கு எழுதியதை ஊர்க் குமாஸ்தா வாய்விட்டுப் படிக்கக் கேட்டு நின்ற பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் நேராத தெய்வம் இல்லை. மாரியம்மனுக்குக் கூழ், வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி. அச்சத்துக்கு மதபேதம் கிடையாது; புதுச்சேரியில் அது அன்றும் இன்றும் கண்கூடு.

1953-இல் சாவுச் செய்தி வந்தது. கூழும் மெழுகுவர்த்தியும் வரவு வைக்கப்படவில்லை. வளையலை உடைத்தவர்கள், குங்குமத்தை அழித்தவர்கள், வெள்ளைப் புடவையை நீட்டியவர்கள் யாவரும் சொந்தக்காரர்களே. "இவள் கால் வைத்த நேரம்" என்றார் மாமனார். 19 வயதுப் பெண்ணின் கால், கடல் தாண்டிச் சென்று, வியட்நாம் காட்டில் ஒருவரைக் கொன்றதாம்! பெரியபாட்டி அதை நம்பினார். நமக்கு நெஞ்சு வலிப்பது அங்கேதான்: ஊரார் சொன்னதைவிட, அவர் நம்பியது. எழுபது வயதிலும் திருமண வீட்டு வாசலில் வலது காலா இடது காலா என்று தயங்கி நிற்பார். பிறகு கொல்லைப்புறமாக வருவார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்னர் பிரெஞ்சு அரசு விதவைப் பென்ஷன் தந்தது. 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களில் அதுவும் ஒன்று. கால் ராசி கெட்டது என்று தூற்றிய அதே உறவினர், பென்ஷன் வரும் நாளில் அந்தக் காலடியில் வந்து அமர்ந்தனர். பிராங்குக்கு ராசி பார்ப்பவர் யார்?

இந்தப் பழி எங்கிருந்து வந்தது? சத்தியவானின் உயிரைச் சாவித்திரி யமனிடம் வாதாடி மீட்டாள் என்பது கதை. கேட்டவர் கைதட்டினர். ஒரு பெண் மீட்டாள் என்று கொண்டாடிய அந்த நொடியிலேயே, மீட்காத பெண்கள் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டனர். உண்மையான பதிவிரதையாக இருந்திருந்தால் மீட்டிருப்பாளே! கதை ஒருத்தியைப் புகழ்ந்தது. கோடிப் பேரைக் கைம்மைக்குப் பொறுப்பாக்கியது.

தமிழர் பழைய ஏடு இப்படிப் பேசவில்லை. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அரசன் போர்மேல் சென்றான், கார்காலம் வந்துவிட்டது, அரசி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது, நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுகளை நோக்கி, உங்கள் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள் ஓர் ஆயர்மகள். அதையே நற்சொல்லாகக் கொண்டு வந்து அரசியிடம் கூறுகின்றனர். நம்பிக்கை அங்கும் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அதன் வகையைப் பாருங்கள். இடையில் புரோகிதன் இல்லை. கன்றுக்கு ஆறுதல் சொன்ன சிறுமிதான் தெய்வ வாக்கு. நற்சொல்லைக் கேட்டும் அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று புலவரும் அதட்டவில்லை. பாசறையிலோ அரசன் புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் எண்ணி உறங்காதிருக்கிறான். வென்றால் அவள் கற்பினால், தோற்றால் அவள் குறையினால் என்ற பேச்சு அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. அவள் காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த அரசியின் உறக்கமின்மையை நாம் அறிந்தது 2025 மே மாதத்தில். ஏப்ரல் 22-இல் பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். மதம் கேட்டுச் சுட்டதாகத் தப்பியவர்கள் கூறினர்; மனைவியர் கண்முன்னே கணவர் வீழ்ந்தனர்; குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர் முசுலிம் ஒருவரும் மாண்டவர்களில் அடக்கம். மே 7 பின்னிரவில் நம் படைகள் ஒன்பது இடங்களைத் தாக்கின. அந்நடவடிக்கைக்கு வைத்த பெயர் சிந்தூர், அதாவது வடநாட்டுப் பெண்கள் வகிட்டில் இடும் குங்குமம். இலச்சினையிலும் கிண்ணத்துக் குங்குமம் சிந்திக் கிடந்தது.

கணவரை இழந்த அந்தப் பெண்களின் துயருக்கு முன் தலை தாழ்த்துகிறோம். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றியது. கணவனைக் கொன்றவன் கொலைகாரன், ஐயமில்லை. குங்குமத்தை அழிப்பது யார்? எல்லை தாண்டி வந்தவனா? பெரியபாட்டியின் நெற்றியை அழித்த கைகள் எந்த நாட்டுக் கைகள்? அழிந்த குங்குமத்துக்கு ஈடு கேட்டுப் புறப்பட்ட நாடு, அதை அழிக்கும் வழக்கத்தை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறது?

துணைவரின் அலைபேசி மே 7 காலையோடு மௌனமாயிற்று. எட்டாம் நாள் இரவு ஜம்முவின் வானில் ஆளில்லா வானூர்திகள். தொலைக்காட்சியில் கூச்சல்; கராச்சித் துறைமுகம் அழிந்ததென்று முழங்கினார்கள். விடிந்தபின் அது பொய்யாயிற்று. மூடநம்பிக்கைக்குக் கோயில் ஒன்றுதான் பிறப்பிடம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்த இரவில் அத்தை ஒன்று கேட்டார். விடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் நாம் மண்சோறு உண்ண வேண்டும்; தரையில் கொட்டிய சோற்றைக் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு வாயால் எடுக்க வேண்டும். முடியாது என்றோம். அவர் கை நடுங்கியது. அதட்டவில்லை, அழவும் இல்லை. மெதுவாகச் சொன்னார்:

"உன் மாமனார் காய்ச்சலில் போனபோது என்னைத்தான் சொன்னார்கள். அந்த ஆடியில் விரதத்தை விட்டுவிட்டேனாம். இருபது வருஷம் கேட்டுவிட்டேன். நாளைக்கு உன்னை ஒருத்தர் ஒரு சொல் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்."

மகனுக்காக என்று எண்ணியிருந்தோம், மருமகளுக்காகவும் அது. தெய்வத்தின் சீற்றத்தைவிடத் தெருவின் நாக்குக்கு அவர் அதிகம் அஞ்சினார். பகுத்தறிவுத் தோழர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டுகிறோம். நம் தாய்மார் ஏற்றும் விளக்குகளில் எத்தனை விளக்குகள் பக்திக்கு எரிகின்றன, எத்தனை பழிக்கு அஞ்சி எரிகின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் சொல்லி முடித்தபின்னும் இரண்டாம் வகை விளக்குகள் அணைவதில்லை.

மண்சோறு நாம் உண்ணவில்லை. அத்தையைத் தனியே விடவும் இல்லை. மூன்று இரவுகள் கூடத்தில் பாய் போட்டு, துணைவர் எழுதிய பழைய கடிதங்களைப் படித்துக் காட்டினோம். முகாமின் நாய்க்குட்டி, வேகாத பருப்பு, மீன் குழம்பு ஏக்கம் என்று அற்பச் செய்திகள். "மறுபடி படி" என்பார். மாமனார் இறந்ததில் அவருக்குக் குற்றமில்லை என்பதையும் பலமுறை சொன்னோம். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 10 பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் படை நடவடிக்கைத் தலைவர் நம் படை நடவடிக்கைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார் என்றும், மாலை 5 மணியோடு சுடுவதை நிறுத்த இருவரும் ஒப்பினர் என்றும் அரசு அறிவித்தது. மறுநாள் துணைவரின் குரல் கேட்டோம். "மாரி கண் திறந்தாள்" என்றார் அத்தை. தொலைபேசி மணி அடித்தது என்றோம் நாம். அந்த நாள்களில் எல்லைக் குண்டுவீச்சில் மாண்டவர்களில் ஆந்திரத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் தாயும் வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்? இதைச் சொன்னதும் அத்தை மாடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

ஊரார் கணக்கைப் பார்த்தோம். அரசின் கணக்கையும் புரட்டுவோம். வீரப் பதக்கம் பெற்றவரின் கைம்பெண்ணுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. அவர் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். இறந்த கணவனின் உடன்பிறந்தவனை மணந்தால் மட்டும் தொடரும். இப்படி ஒரு விதி இருந்தது. எந்த நூற்றாண்டில் என்கிறீர்களா? 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. குடும்பத்துச் சொத்து குடும்பத்தைத் தாண்டக் கூடாது, பெண்ணும் சொத்துதான்! பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் "மறுமணம் தவறல்ல" என்று ஓர் இயலுக்கே தலைப்பிட்டார். அது தலைநகரத்துக் கோப்புக்குப் போய்ச் சேர எத்தனை காலம் ஆயிற்று!

விதிகள் மாறினாலும் அவற்றை அறிந்த பெண்கள் சிலரே. காரணம் தேடி அலைய வேண்டாம். கணவன் இறந்தால் என்ன செய்வது என்ற பேச்சே வீட்டில் அபசகுனம். மணம் நடந்ததைப் படைப்பிரிவின் பார்ட் டூ ஆர்டரில் பதிந்தார்களா, குழுக் காப்பீட்டில் வாரிசாக யார் பெயர், வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் உண்டா என்று ஒரு மனைவி கேட்டால், "நல்ல வார்த்தையே வராதா?" என்று வாயை அடைப்பர். வாய் அடைபட்டவள் பின்னர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவாள். பேசினால் சாவு வரும் என்ற நம்பிக்கை, சாவைத் தடுத்ததே இல்லை, பென்ஷனைத் தடுத்திருக்கிறது.

ஆகஸ்டில் துணைவர் விடுப்பில் வந்தார். மூன்றாம் நாள் காலையில் தாள்களைக் கூடத்தில் பரப்பி அமர்ந்தோம். "வந்த பிள்ளை முன்னால் இது என்ன பேச்சு?" என்று அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். துணைவர் ஒவ்வொரு தாளாக விளக்கினார், நாம் குறித்துக்கொண்டோம். அவர் இறந்தால் என்ற சொற்றொடரை அவரே நான்கு முறை சொன்னார். கூரை இடியவில்லை. அரை மணி கழித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அத்தை வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதில் என் பேர் இருக்கிறதா?"

இருக்கிறது, இரண்டாவது வரியில் என்றோம். மூக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.